பள்ளிகளிற் சமூக ஆராய்ச்சி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. சிலரை வினவிப் பலரை அறியும் 'மாதிரி எடுத்தல்' என்னும் முறைக்கு அதுவே அடிப்படை. ஆயினும், பானையரிசி ஒரே தன்மையதாயின் அன்றோ அது பொருந்தும்? நம் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர் தோலின் ஓரிடத்தை மட்டும் தொட்டு விலை பேசார். முதுகுப்புறம் இறுகியும் வயிற்றுப்புறம் தளர்ந்தும் இருத்தலை அவர் அறிவர். இவ்வட்டாரத்துப் பள்ளிகளும் அத்தகையனவே.

இங்குத் தமிழ்வழிப் பள்ளிகளும் உருதுவழிப் பள்ளிகளும் உள. எல்லாவற்றையும் ஒன்றாய்க் குலுக்கி எடுப்பின், தொகையிற் சிறியன அகப்படாது போதல் கூடும். ஆதலின் பள்ளிகளை முதலில் வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையினின்றும் குலுக்கி எடுத்தலே தக்கது. வினாத்தாளும் இருமொழியிலும் அமைதல் வேண்டும். ஒரே வகுப்பில் நாற்பதின்மரை வினவுதல் எளிது; ஆனால், ஓராசிரியரிடம் பயிலும் அவர், பல பள்ளிகளினின்று எடுத்த நாற்பதின்மருக்கு ஈடாகார். ஆசிரியர் அருகிருக்கத் தந்தையின் தொழிலை வினவினால், தோல் பதனிடுதலை இழிவென்பார்க்கு அஞ்சிப் பிள்ளை அதனை மறைத்தலும் உண்டு. எனவே பெற்றோர் இசைவும், பெயர் வெளியிடோம் என்னும் உறுதியும், தனித்து விடையெழுதும் வாய்ப்பும் இன்றியமையாதன.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பள்ளியில் நின்று எண்ணுவோர் பள்ளிக்கு வந்தவரையே எண்ணுவர். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையினர்க்கே உரியது. அதன்பின் வறுமையாற் காலணித் தொழிற்சாலைக்கோ வீட்டு வேலைக்கோ சென்ற பிள்ளை வருகைப் பதிவேட்டில் இராது. படிப்பை விட்டது ஏன் என்னும் வினாவை, விடாதவரிடம் கேட்டு யாது பயன்?

2005-இல் தொடங்கிய 'ஏசர்' ஆய்வு வீடுதோறும் சென்று, பள்ளி செல்லாதாரையும் எண்ணுகின்றது. மாவட்டத்திற்கு 30 சிற்றூர், ஊருக்கு 20 வீடு என்பது அதன் அளவு. எனினும் அது நாட்டுப்புறத்தை ஆராய்வதாகலின், ஆம்பூர் முதலிய நகராட்சிகள் அதனுள் அடங்கா. மேலும், 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. ஆம்பூர் திருப்பத்தூரைச் சேர்ந்தது. இதனை மறந்து முன்னும் பின்னும் உள்ள மாவட்டக் கணக்குகளை ஒப்பிடுவோர் வெவ்வேறு நிலங்களையே ஒப்பிடுவோராவர்.

ஆகவே நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சில ஆண்டுகட்கு முன் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோர் பெயர்களைச் சேர்க்கைப் பதிவேட்டினின்று எடுத்தல் வேண்டும். அவருள் இன்று வகுப்பில் இல்லாதாரை வீடு தேடிச் சென்று வினவுதல் வேண்டும். உழைப்பு மிகுதியே. ஆயினும், வெற்றிடமாய்க் கிடக்கும் அவ்விருக்கைக்கு உரியவரே நாம் தேடும் விடையை அறிந்தவர்.