கிருமிகளின் குறிமொழி

காஞ்சிமாநகரை அடுத்துள்ளது ஓரிக்கை என்னும் ஊர். 'ஓரிரவிருக்கை' என்பதே இங்ஙனம் மருவிற்று என்பர். கணிகண்ணன் காஞ்சியை விட்டு நீங்க, அவன் ஆசிரியராகிய திருமழிசையாழ்வாரும், அவர்பின் திருமாலும் நீங்கி, அன்றிரவு இவ்விடத்தே தங்கினர் என்பது வைணவர் வழங்கும் வரலாறு. ஓரிரவு தங்குதல் வேறு. குடிபுகுந்து நிலைத்தல் வேறு. இவ்வேற்றுமையை உரிய காலத்தில் அறிதலே ஒரு நோயின்கண் குழந்தையின் வாழ்நாளை அறுதியிடுவதாக உள்ளது. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

அந்நோய் சிஸ்டிக் பைப்ரோசிஸ் எனப்படும். தாய் தந்தை இருவர்வழியும் பழுதுற்ற மரபணு வந்து சேர்தலால் இஃது உண்டாகிறது. 1938-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து டாரதி ஆண்டர்சன் என்னும் மருத்துவ அம்மையார் இதனைத் தனி நோயென விளக்கினார்; 1989-இல் அம்மரபணு கண்டறியப்பட்டது. உப்பும் நீரும் உயிரணுக்களின் வழியே முறையாகச் செல்லாமையின், வியர்வையில் உப்பு மிகும். நுரையீரலிற் சளி பசைபோல் இறுகும். இது மேனாட்டார்க்கே உரிய நோயென நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்துப் பொருந்தாதென்பதற்கு, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும், நமக்கு அணித்தாகிய வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றுள்ள நம் நாட்டுக் குழந்தைகளே சான்றாவர்.

இறுகிய சளியில் கிருமிகள் எளிதில் தங்குகின்றன. அவற்றுள் கொடியது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்பது. நீரிலும் ஈரமண்ணிலும் வாழும் இக்கிருமி, முதலில் வழிப்போக்கன்போல் நுரையீரலுட் புகும். அந்நிலையில், மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தால் இதனைப் பெரும்பாலும் அகற்றிவிடலாம். நாள் செல்லின், தன்னைச் சுற்றிக் கோந்துபோன்ற படலம் ஒன்றை அமைத்துக்கொண்டு நிலைத்துவிடும். அதன்பின் மருந்துகள் இதன் வலியைக் குறைக்குமேயன்றி வேரறுக்கமாட்டா. நுரையீரல் ஆண்டுதோறும் சிதையும்.

இக்கிருமி வந்ததை அறிவதெங்ஙனம்? சளியை எடுத்து வளர்த்துப் பார்த்தலே வழக்கம். சிறு குழந்தைகளோ சளியை உமிழ அறியார், விழுங்கிவிடுவர். தொண்டையிற் பஞ்சால் தடவி எடுத்துச் சோதித்தால், கீழே நுரையீரலில் உள்ளது தப்பிவிடலாம். குழல் செலுத்தி நுரையீரலினின்றே எடுத்தலோ குழந்தைக்கு வருத்தந் தருவது. அடிக்கடி செய்தற்கும் இயலாதது.

இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு வழி எதிர்பாராத இடத்தினின்று தோன்றிற்று. 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்னும் அறிஞர் மூவர், ஒளிவிடும் கடற்கிருமிகளை ஆராய்ந்தனர். அவை சிலவாய் இருக்குங்கால் ஒளிரவில்லை. பலவாய்ப் பெருகியபின்னரே ஒளிர்ந்தன. ஒவ்வொரு கிருமியும் ஒரு நுண்பொருளை வெளிவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அப்பொருளும் செறிகிறது. ஓர் அளவை எட்டியதும் யாவும் ஒருங்கே தொழிற்படுகின்றன. இச்செயலை 'குவோரம் சென்சிங்' என்பர். அவைநிறைவு உணர்தல் என நாம் கூறலாம். சபையார் குறைவின்றிக் கூடியே ஊர்க்காரியம் தீர்மானித்தனர் எனச் சோழர்காலக் கல்வெட்டுக்களிற் கற்கும் நமக்கு, இவ்வுவமை எளிதில் விளங்கும்.

சூடோமோனாஸும் இவ்வாறே நஞ்சுகளை உமிழ்தற்கும் படலம் அமைத்தற்கும் குறிப்பொருள்களை வழங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இந்நோயாளரின் சளியில் அக்குறிப்பொருள்கள் இரண்டைக் கண்டனர். அவற்றின் விகிதம், தனித்து நீந்தும் கிருமிகளுடையதை ஒவ்வாது, படலத்துள் வாழ்வனவற்றை ஒத்திருந்தது. 2015-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சியில், குயினோலோன் வகையைச் சேர்ந்த வேறு குறிப்பொருள்கள் சளியிலன்றிக் குருதியிலும் சிறுநீரிலும் காணப்பட்டன. கிருமிகள் தம்முட் பேசும் பேச்சே அவற்றைக் காட்டிக்கொடுக்கும் நோய்காட்டியாயிற்று. சிறுநீர் எந்தக் குழந்தையிடத்தும் நோவின்றிப் பெறற்பாலது என்பதே இதன் அருமை.

ஆயினும், தடைகள் சில உள. நாட்பட்ட நோயில் இக்கிருமிகளுட் சில, குறிப்பொருள் முறையின் ஒரு பகுதியை இழந்து வாய்வாளாமை மேற்கொள்வதுண்டு; ஆண்டுப் பேச்சில்லாமை கொண்டு பகையில்லையெனத் துணிதல் கூடாது. வேறு கிருமிகள் சிலவும் ஒத்த பொருள்களை உண்டாக்கும். மிகச் சிற்றளவினவாகிய இப்பொருள்களை அளக்கும் பொறிகளோ விலைமிக்கவை. ஆதலின், இச்சோதனை பழைய முறைகளுக்குத் துணையாமன்றி, அவற்றை முற்றும் நீக்குவதாகாது.

2019 முதல் மேனாட்டில் மூன்று மருந்துகள் கூடிய மாத்திரை ஒன்று வழங்கலாயிற்று. அஃது இந்நோயின் மூலத்தையே பெரிதும் திருத்துவது. அதன் விலையோ எளியோர்க்கு எட்டாதது. தறியில் நாட்கூலிக்கு நெய்யும் ஒருவர் வீட்டில் இந்நோயுடன் ஒரு மகவு பிறக்குமாயின், அதன் நுரையீரலைக் காத்தற்குரிய வழி, கிருமி வழிப்போக்கனாய் இருக்கும்போதே அதனை அறிந்து அகற்றுதலேயாம். அதற்கு உதவும் எளிய, விலைகுறைந்த சிறுநீர்ச் சோதனை ஒன்றைச் சமைத்தல் நம் நாட்டு விஞ்ஞான மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணி என்பது எமது துணிபு.