ஓடுகிற கால்களுக்கு ஒரு டாக்டர்!

பல்லுக்குத் தனி டாக்டர், கண்ணுக்குத் தனி டாக்டர். காலுக்கு? "எலும்பு டாக்டர்தான் பார்க்கிறாரே" என்பீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான். குதிகால் வலித்தால் எலும்பு டாக்டர், சர்க்கரைப் புண் என்றால் சர்க்கரை டாக்டர், சுளுக்கு என்றால் பிசியோதெரபிஸ்ட் என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் என்றே தனிப் படிப்பு, தனிப் பட்டம் இருக்கிறது. படித்தவருக்குப் பெயர் பொடயாட்ரிஸ்ட். இவர்களிலும் ஒரு பிரிவினர் விளையாட்டுக்காரர்களின் கால்களையே பிரதானமாகப் பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

படிப்பு லேசுப்பட்டதில்லை. முதலில் காலேஜ் டிகிரி நாலு வருஷம். பிறகு பாத மருத்துவக் கல்லூரியில் நாலு வருஷம். பட்டத்தின் பெயர் எம்.டி. அல்ல, டி.பி.எம். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷப் பயிற்சி. விளையாட்டு மருத்துவத்தில் விசேஷமாகத் தேற வேண்டுமானால் இன்னும் ஒரு வருஷம் சேரும். அம்மாடி, ஒரு பாதத்துக்கா இத்தனை? ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டையும் சேர்த்தால் 52. உடம்பில் மொத்தமே 206 என்கிறபோது, எலும்புகளில் கால் பங்கு காலடியில்தான் இருக்கிறது! ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரத்தை இவை தாங்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு மவுசு வந்தது 1970களில். விளையாட்டுப் பாத மருத்துவர்கள் 1970லேயே தங்களுக்கென்று ஒரு அகாடமி தொடங்கிவிட்டார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்கர் ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றார். அதைப் பார்த்து குமாஸ்தா, வக்கீல், வாத்தியார் என்று சகலரும் ரோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்தார்கள். கூடவே முழங்கால் வலியும் வந்தது. நியூஜெர்சியில் ஜார்ஜ் ஷீஹன் என்று ஓர் இதய டாக்டர், அவரும் ஓட்டப் பைத்தியம். முழங்கால் வலிக்குக் காரணத்தை முழங்காலில் மட்டும் தேடாதீர்கள், பாதத்தையும் பாருங்கள் என்று பத்திரிகைகளில் விடாமல் எழுதினார். பாத டாக்டர்களின் வாசலில் கூட்டம் சேர்ந்தது.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்?

காலைத் தொடுவதற்கு முன் கேள்விகள்! எத்தனை நாளாக ஓடுகிறீர்கள், போன மாதம் எத்தனை கிலோமீட்டர், இந்த மாதம் எத்தனை, எந்தத் தரையில், ஷூ எத்தனை பழசு, வலி ஓட ஆரம்பிக்கும்போதா, பாதியிலா, மறுநாள் காலையிலா? இந்த விசாரணையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். பிறகுதான் வெறுங்காலோடு நடக்கச் சொல்வார். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணுவார். ட்ரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுப்பதும் உண்டு. தேவைப்பட்டால் பாதத்தின் அச்செடுத்து ஷூவுக்குள் வைக்க ஒரு தாங்கி, அதாவது இன்சோல் செய்துகொடுப்பார்.

இந்த இன்சோல் விஷயத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தட்டைப் பாதம் என்றால் ஒரு வகை ஷூ, வளைவு அதிகம் என்றால் இன்னொரு வகை என்று ரொம்ப காலம் பிரித்துப் பிரித்து விற்றார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள். 2009, 2010ல் முடிவுகள் வந்தன. காயங்கள் ஒன்றும் குறையவில்லை! டென்மார்க்கில் புதிதாக ஓட ஆரம்பித்த 900க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே மாதிரி சாதாரண ஷூ கொடுத்து ஒரு வருஷம் கவனித்தார்கள். உள்பக்கமாகச் சாயும் பாதக்காரர்களுக்கு அதிகமாக அடிபடவில்லை. ஆகவே இன்றைய நல்ல பாத டாக்டர், போனவுடனே விலை உயர்ந்த இன்சோலை நீட்டுவதில்லை. சிலருக்கு அது நிஜமாகவே உதவும். எல்லோருக்கும் அல்ல.

அவருடைய சாமர்த்தியம் வேறு இடத்தில் தெரியும். "நிறுத்து" என்று எப்போது சொல்ல வேண்டும் என்பதில்.

ஒரு காலேஜ் ஓட்டக்காரப் பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்தில் முக்கியமான பந்தயம். ஸ்காலர்ஷிப்பே அதை நம்பித்தான். புறங்காலில் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலி. எக்ஸ்-ரே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்லேன்னுட்டாங்க, ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க டாக்டர்" என்கிறார் கூட வந்த அப்பா.

டாக்டர் அனுப்ப மாட்டார். எலும்பில் மயிரிழை முறிவு இருந்தால் முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.யில் தெரியும். 1855லேயே பிரஷ்ய ராணுவ டாக்டர் ஒருவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். இந்த முறிவுதான் அது. விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பில் வந்தால் ஆறு, எட்டு வார ஓய்வில் பெரும்பாலும் கூடிவிடும். ஆனால் புறங்காலின் மேட்டில் படகு போல ஒரு எலும்பு இருக்கிறது, நாவிக்குலர் என்று பெயர். அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே விரிசல் விட்டால் காலை ஊன்றாமலே ஆறு முதல் எட்டு வாரம் கட்டுப் போட வேண்டும், சில சமயம் ஆபரேஷன். கவனிக்காவிட்டால் விளையாட்டு வாழ்க்கையே போய்விடும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் பில் வால்டன் 1978ல் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு முக்கிய ஆட்டத்தில் இறங்கினார். பிறகு பார்த்தால் இடது பாதத்தில் அதே நாவிக்குலர் முறிந்திருந்தது. அடுத்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். 2024ல் மறைந்த அவருக்கு வாழ்நாளில் எலும்பு ஆபரேஷன்கள் மட்டும் முப்பதுக்கு மேல். வலி என்பது காவல்காரன். ஊசி அவனைத் தூங்க வைக்கிறது, திருடன் எங்கேயும் போவதில்லை!

நம் ஓட்டக்காரப் பெண்ணுக்கு வருவோம். டாக்டர் அப்பாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்பார்: "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதாம்மா? என்ன சாப்பிடுகிறாய்?" கால் வலிக்கு வந்தவளிடம் இதென்ன கேள்வி? காரணம் இருக்கிறது. ஓட்டத்துக்குத் தேவையான அளவு சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். கூடவே எலும்பு பலம் இழக்கும். 2014ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இந்தச் சத்துப் பற்றாக்குறைக்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. ஆண்களையும் இது விடுவதில்லை. அப்புறம் பாத டாக்டர் தனியாக வேலை செய்ய மாட்டார். பெண்கள் டாக்டர், உணவு ஆலோசகர், கோச் எல்லோருக்கும் சேதி போகும். பந்தயம் போயிற்றே என்று அந்தப் பெண் அழுவாள். அந்த அழுகையையும் அவர்தான் தாங்க வேண்டும். இதைப் பதினொரு வருஷப் படிப்பில் யாரும் சொல்லித் தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாமே இப்படி ஆபத்தான கேஸ் இல்லை. தினமும் வருகிறவர்களில் நிறைய பேருக்கு, காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீர் என்கிற வலிதான். உள்ளங்கால் சவ்வின் கோளாறு இது. எக்ஸ்-ரேயில் "குதிகால் முள்" தெரிந்தால் பதற வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, படிக்கட்டு விளிம்பில் நின்று மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவற்றை மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். பொறுமைதான் மருந்து.

எட்டு முதல் பதினாலு வயதுக்குள் உள்ள பிள்ளை கிரவுண்டிலிருந்து வந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டால், விளையாட்டுக்குக் கட் அடிக்கிறான் என்று திட்டாதீர்கள். குதிகாலில் எலும்பு வளரும் இடம் அந்த வயதில் இழுபட்டு வலிக்கும். ஆட்டத்தைக் குறைத்தால், வளர வளரச் சரியாகிவிடும்.

ஒரே புள்ளியில் வலி, வீக்கம், ராத்திரியும் வலிக்கிறது, நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் எலும்பு டாக்டரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். போகும்போது புது ஷூவை மாட்டிக்கொண்டு ஜம்மென்று போக வேண்டாம். ஓடி ஓடித் தேய்ந்த அந்தப் பழைய ஜோடியை, அழுக்கோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்பார்.