கோப்பு கெட்டால் நகல் காக்குமா?

மூன்று மாணவர்களின் மதிப்பெண்களைக் கணிப்பொறியில் 65, 72, 58 என்று பதிந்து வைத்திருக்கிறோம். 65 என்பது அங்கே 1000001 என்னும் இரும எண். இதன் முதல் இலக்கமாகிய 1 மட்டும் 0 ஆக மாறிவிட்டால் என்ன ஆகும்? 65 பெற்றவர் 1 பெற்றவராகிவிடுவார்! கணிப்பொறியும் எச்சரிக்காது, 1 என்பதும் ஒரு மதிப்பெண்தானே.

இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும். 1978 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, வுட்ஸ் என்னும் இருவர் இதற்கொரு விந்தையான காரணத்தை எடுத்துரைத்தனர். நினைவகச் சில்லை மூடியிருந்த பொருளில் யுரேனியமும் தோரியமும் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள் சில்லினுள் பாய்ந்து ஏராளமான எலக்ட்ரான்களை விடுவித்தது. சேமித்திருந்த மின்னூட்டம் குலைந்து இலக்கம் மாறியது. பின்னர் தூய பொருள்களைப் பயன்படுத்தலாயினர். ஆனால், அண்டக் கதிர்களை என்ன செய்வது? வட்டிலும் நாளடைவில் பழுது நேர்வதுண்டு.

அதற்குத்தான் காப்பு நகல் இருக்கிறதே என்பீர்கள். இரவுதோறும் நகலெடுக்கும் மென்பொருள், கெட்ட கோப்பைப் புதிய கோப்பு என்று எண்ணிப் பழைய நல்ல நகலின்மேல் எழுதிவிட்டால்?

ஆகவே நல்ல மென்பொருள், நகலெடுக்கும்போதே ஒரு சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளும். நம் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 195. மறுநாள் கூட்டும்போது 131 வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆயினும் 65-உம் 72-உம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதன்றோ? எனவே ஷா-256 போன்ற சிக்கலான கணக்கு முறைகளைக் கையாளுகிறார்கள். இதில் ஓர் இலக்கம் மாறினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும்.

கோப்பைத் திருத்திய தேதி மாறவில்லை; சரிபார்ப்பு எண் மட்டும் மாறியிருக்கிறது. அப்படியானால் யாரும் திருத்தவில்லை, கோப்பே கெட்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். பழைய நகலைத் தொடாமல் வைத்து, கெட்ட கோப்பின் பெயரை உரியவருக்கு அறிவிப்பதே முறை. ஒரு கோப்பு கெட்டதும் வேலையையே நிறுத்திவிடும் மென்பொருள்களும் உண்டு. மீதிக் கோப்புகள் என்ன பாவம் செய்தன? அவற்றையாவது நகலெடுக்க வேண்டாமா?

நகலும் கெடக்கூடியதே. அதனால் அதையும் அவ்வப்போது முழுவதும் படித்துச் சரிபார்க்க வேண்டும். முதல் எண்தான் கெட்டது என்று தெரிந்தால் 195 − 72 − 58 = 65 என்று மீட்டுவிடலாம். இரண்டு எண்கள் கெட்டால் இது போதாது. முதல் எண்ணை 1 ஆலும், இரண்டாவதை 2 ஆலும், மூன்றாவதை 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 383 வருகிறது. 195, 383, 58 ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரு மதிப்பெண்களையும் மீட்க முடிகிறதா என்று நீங்களே செய்து பாருங்கள்.