அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை வரவில்லையா? வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பாடம்



இரவு சார்ஜில் போட்ட கைப்பேசி தானாக அப்டேட் ஆகிவிடுகிறது. காலையில் பார்த்தால் வைஃபை வரவில்லை. நம் திருவிடைமருதூர் வட்டாரத்தில் இது சின்னச் சங்கடம் அல்ல. பல வீடுகளில் அத்தாவோ, கணவரோ, மகனோ வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் முகம் பார்த்துப் பேசுவதும், பிள்ளைகளின் பாடம் நடப்பதும் பெரும்பாலும் இந்த வைஃபையில்தான்.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம், "ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடுங்கள்" என்பது. அது கைப்பேசியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். எடுத்து வைத்த பாஸ்போர்ட், விசா நகல்கள், பேரப்பிள்ளைகளின் படங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த குரல் செய்திகள் எல்லாம் போய்விடும். வேறெங்கும் பிரதி இல்லையென்றால் அவை திரும்பக் கிடைக்காது.

ஆகவே இந்தப் பாடத்தில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: வைஃபை வரவில்லை என்பதற்காகக் கைப்பேசியை அழிக்காதீர்கள். முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். பிறகு சிறிய வேலையிலிருந்து பெரிய வேலைக்குப் போங்கள்.

முதல் பகுதி: கோளாறு எங்கே?

வெளியிலிருந்து வரும் லைன், வீட்டில் உள்ள ரவுட்டர், கையில் உள்ள கைப்பேசி ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும்.

சோதனை 1: வீட்டில் உள்ள இன்னொரு கைப்பேசியில் அதே வைஃபை வருகிறதா என்று பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் அப்டேட் மேல் பழி போட வேண்டாம். ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் பெட்டியில் 'லாஸ்' என்று போட்ட விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் லைனில் சிக்னல் இல்லை. இணைப்புக் கொடுத்தவருக்குத் தகவல் சொல்லுங்கள். சிவப்பு இல்லையென்றால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள்.

சோதனை 2: மற்ற கைப்பேசியில் வைஃபை வருகிறது, உங்களுடையதில் மட்டும் இல்லை என்றால், அந்தக் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு உங்களுடையதை அதில் சேருங்கள். சேர்ந்தால் உங்கள் கைப்பேசியின் வைஃபை பாகம் நன்றாகவே இருக்கிறது. வீட்டு ரவுட்டருக்கும் அதற்கும் இடையில்தான் ஏதோ ஒத்துப்போகவில்லை. ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை என்றால் கோளாறு கைப்பேசியில்.

இரண்டாம் பகுதி: அப்டேட் எதை மாற்றுகிறது?

ஒவ்வொரு கைப்பேசிக்கும் வைஃபைக்கென்று ஓர் அடையாள எண் உண்டு. அதை மேக் அட்ரஸ் என்பார்கள். முன்பு கைப்பேசி எங்கு போனாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதை வைத்து ஆளைப் பின்தொடர முடியும் என்பதால், 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10ம், 2020ல் வந்த ஐஓஎஸ் 14ம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று எண்ணைக் காட்டத் தொடங்கின. இது நல்ல பாதுகாப்பு. ஆனால் சில அலுவலகங்களிலும் பள்ளிகளிலும், சில வீடுகளிலும், குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் அனுமதி என்று ரவுட்டரில் பட்டியல் போட்டிருப்பார்கள். எண் மாறியதும் ரவுட்டர் நேற்று வரை தெரிந்த கைப்பேசியைப் புது ஆள் என்று நினைத்துத் தடுத்துவிடும்.

சில நேரம் கோளாறு நம் வீட்டிலேயே இருக்காது. 2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வெளியானபோது, அப்டேட் செய்த பலருக்கு வைஃபை வேலை செய்யவில்லை. ஐஃபோன் வைஃபையில் சேர்ந்ததும் ஆப்பிள் நிறுவனத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து, இணையம் இருக்கிறதா என்று சோதிக்கும். அந்தப் பக்கம் நிறுவனத்தின் பக்கத்திலேயே காணாமல் போயிருந்தது. அதைத் திரும்ப வைத்ததும் கைப்பேசிகள் சரியாயின. அன்று அவசரப்பட்டுக் கைப்பேசியை அழித்திருந்தால் இழப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் பகுதி: வரிசையாகச் செய்ய வேண்டியவை

ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் வைஃபை வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. கைப்பேசியை அணைத்துப் போடுங்கள். ஏரோபிளேன் மோடும் பவர் சேவிங்கும் அணைந்திருக்கட்டும்.

2. தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால் வைஃபை சேர்ந்தாலும் பல பக்கங்கள் திறக்காது. செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்' நேரத்தைப் போட்டுவிடுங்கள்.

3. விபிஎன் செயலி இருந்தால் அணையுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால், அங்கிருந்து விடுப்பில் வருபவர்களின் கைப்பேசியில் இப்படி ஒரு செயலி இருப்பதுண்டு. அப்டேட்டுக்குப் பிறகு அது சரியாக ஓடாமல் மொத்த இணையத்தையும் மறித்து நிற்கலாம். 'பிரைவேட் டிஎன்எஸ்' என்பதில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

4. வீட்டு வைஃபையின் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் இருந்தால் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். இல்லையென்றால் வைஃபை வேலை செய்யும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபையின் பெயரைத் தொட்டு 'ஷேர்' கொடுங்கள். வரும் கட்டத்தை உங்கள் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் போதும்.

5. அதே இடத்தில் 'பிரைவசி' அல்லது 'மேக் அட்ரஸ் டைப்' என்று இருக்கும். அதில் கைப்பேசியின் சொந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஐஃபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணையுங்கள். இதை வீட்டு வைஃபைக்கு மட்டும் செய்யுங்கள். வெளியிடங்களில் மாற்று எண்ணே நல்லது.

6. ரவுட்டர் இரண்டு பெயர்கள் காட்டினால் இரண்டிலும் சேர்ந்து பாருங்கள். பெயரின் முடிவில் உள்ள '5ஜி' சிம் கார்டின் 5ஜி அல்ல. அது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் தடித்த சுவரைத் தாண்டாது. கூடத்தில் ரவுட்டரும் அடுப்படியில் நீங்களும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரே நின்று பேசும்.

7. மொபைல் டேட்டாவில் இன்னொரு அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அப்டேட் செய்த கோளாறை அடுத்த சிறிய அப்டேட் திருத்துவதுண்டு.

நான்காம் பகுதி: இரண்டு ரீசெட், இரண்டும் ஒன்றல்ல

ஏழும் பலிக்கவில்லை என்றால் 'நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்' செய்யுங்கள். செட்டிங்ஸில் மேலே தேடும் இடத்தில் 'ரீசெட்' என்று எழுதினால் வந்துவிடும். கைப்பேசிக்குக் கைப்பேசி பெயர் சற்று மாறும். வைஃபை அல்லது நெட்வொர்க் என்ற சொல் அதில் இருக்க வேண்டும். இது வைஃபை பாஸ்வேர்டுகள், புளூடூத் இணைப்புகள் போன்ற நெட்வொர்க் விவரங்களை மட்டும் மறக்கச் செய்யும். படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எதுவும் போகாது.

2021 ஜூனில், சதவீதக் குறிகள் கலந்த ஒரு வினோதமான பெயர் கொண்ட வைஃபையில் சேர்ந்த ஐஃபோன்களில் வைஃபையே முடங்கிப்போகும் கோளாறு தெரியவந்தது. அணைத்துப் போட்டும் சரியாகவில்லை. நெட்வொர்க் ரீசெட் செய்ததும் சரியானது.

'எரேஸ் ஆல் டேட்டா', 'ஃபேக்டரி ரீசெட்' என்று இருந்தால் கை வைக்காதீர்கள். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் பொத்தான்களை அழுத்திப் பிடித்து அழித்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசி பழைய கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்டுப் பூட்டி நிற்கும். கைப்பேசி வாங்கிய நாளில் வேறு யாரோ தொடங்கிக் கொடுத்த கணக்கென்றால், அந்தப் பூட்டைத் திறப்பது பெரும்பாடு.

நெட்வொர்க் ரீசெட்டுக்குப் பிறகும் வைஃபை பொத்தான் மங்கியே கிடந்தால் உள்ளே உள்ள பாகத்தில் கோளாறு இருக்கலாம். படங்களையும் வாட்ஸ்அப்பையும் மொபைல் டேட்டாவில் பேக்கப் எடுத்துக்கொண்டு, கைப்பேசி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

ஓர் எச்சரிக்கை

"கம்பெனியிலிருந்து பேசுகிறோம், வைஃபையைச் சரிசெய்கிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால் துண்டித்துவிடுங்கள். உங்கள் திரையை அவர்கள் பார்க்கும் செயலியாக அது இருக்கும். வங்கியின் ஓடிபி எண்ணும் அவர்கள் கண்ணில் படும். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் மூன்று வேலைகளை முடித்து வையுங்கள். வைஃபை பாஸ்வேர்டு, இணைப்புக் கொடுத்தவரின் எண், கைப்பேசியில் உள்ள கூகுள் கணக்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். வைஃபை நன்றாக இருக்கும்போதே வாட்ஸ்அப்பையும் படங்களையும் பேக்கப் எடுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை கட்டணமில்லை. மூன்றாவதாக, முதல் பகுதியில் உள்ள இரண்டு சோதனைகளையும் வீட்டில் உள்ள ஒரு பிள்ளைக்கும் ஒரு பெரியவருக்கும் செய்து காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் நேரத்தில் வைஃபை நின்றால், யாரையும் தேடி ஓடாமல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.