நீரை ஏற்றுவது எது?

காற்று எங்கும் நிறைந்துள்ளது. அதற்கு எடை உண்டு. எடையுடைமையால் அஃது எல்லாப் பொருள்களையும் அழுத்துகின்றது. இத்தொடர்களை மனப்பாடம் செய்து ஒப்புவிக்காத மாணவர் அரியர். எனினும், “இளநீரைக் குழல்வைத்துப் பருகும்போது, அதனை மேலே ஏற்றுவது எது?” என்று வினவினால், அவர்களுள் பெரும்பாலோர் “வாய்தான்” என்றே விடையிறுப்பர். தேர்வுத்தாளில் எழுதிய காற்றழுத்தம் ஒருபுறமும், நாவில் இனித்த இளநீர் மற்றொருபுறமுமாக, ஒன்றையொன்று அறியாமல் நின்றுவிடும். இவ்விரண்டையும் கூட்டுவிப்பதே இயற்பியல் ஆசிரியரின் முதல் வேலை. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை.

சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர், கண்ணாடிக் குவளை ஒன்றில் விளிம்புவரை நீர் நிரப்பினார்; அதன் வாயை அஞ்சலட்டையால் மூடி, அட்டையைக் கையால் தாங்கியவாறே குவளையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்; பின்னர்க் கையை மெல்ல எடுத்துவிட்டார். அட்டை விழவில்லை, நீரும் சிந்தவில்லை. “அட்டை ஈரத்தால் ஒட்டிக்கொண்டது, ஐயா!” என்றான் ஒருவன். ஈரம் ஓர் அட்டையை ஒட்டவைக்கலாம். அதன்மேல் கால் லிட்டர் நீரையும் சுமக்குமோ? ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பின்மேல் காற்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகின்றது. குவளை வாயின் விட்டம் 7 சென்டிமீட்டர். எனவே அதன் பரப்பு ஏறத்தாழ 38 சதுர சென்டிமீட்டர். ஆகவே, கீழிருந்து அட்டையை அழுத்தும் காற்றின் வலிமை 38 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். அது தாங்கவேண்டிய நீரோ கால் கிலோகிராமே. குவளையைப் பக்கவாட்டில் சாய்த்தபோதும் அட்டை நழுவவில்லை. காற்று மேலிருந்து மட்டுமன்றி எல்லாத் திசைகளிலிருந்தும் அழுத்துகின்றது என்பதை மாணவர்கள் சொல்லக் கேளாமல் கண்டறிந்தார்கள்.

அடுத்த சோதனையே அவ்வகுப்பை முற்றும் வென்றது. ஒரு புட்டியில் கழுத்துவரை முழுதும் நீர் நிரப்பி, அதன் மூடியில் இரு துளைகள் இட்டு, ஒன்றில் உறிஞ்சுகுழலைச் செருகிச் சுற்றிலும் மெழுகால் அடைத்தார் ஆசிரியர். மற்றொன்றையும் மெழுகால் மூடினார். வகுப்பில் உடல்வலி மிக்கவனாகிய மாணவனை அழைத்து, “தம்பி, இந்நீரைப் பருகு” என்றார். அவன் கன்னங்கள் குழிய, முகம் சிவக்க உறிஞ்சினான். நீர் ஏறவில்லை. வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆசிரியர் ஓர் ஊசியால் இரண்டாம் துளையின் மெழுகைக் குத்தி எடுத்தார். மறுநொடியில் நீர் அவன் வாயை நிறைத்தது. அதே வாய், அதே குழல், அதே நீர். புதிதாக வந்தது துளைவழிப் புகுந்த காற்று ஒன்றே.

இதற்காக ‘உறிஞ்சுதல்’ என்னும் சொல்லின்மேல் குறை கூறவேண்டா. அச்சொல் வாயின் தொழிலைச் செவ்வனே குறிக்கின்றது. வாய், குழலினுள் இருக்கும் காற்றைக் குறைக்கின்றது. அங்கே அழுத்தம் குன்றுகின்றது. உடனே வெளிக்காற்று நீரின் மேற்பரப்பை அழுத்தி, அதனைக் குழலின்வழி மேலே தள்ளுகின்றது. வாய் வழிவிடுகின்றது, ஏற்றுவது காற்று. இரு தொழில்களையும் ஒரு சொல்லின் தலையில் சுமத்தியவர் நாமே. எண்ணெய்த் தகரத்தில் ஒரு துளைக்கு இரு துளையிடும் கடைக்காரர் இதனை நன்கறிவார். ஒரு துளை எண்ணெய் வெளிவர, மற்றொன்று காற்று உட்புக.

அப்போது மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, எங்கள் வீட்டு அடிகுழாயில் மழைக்காலத்தில் நீர் வருகின்றது, கோடையில் வருவதில்லை. கிணற்றில் நீர் இருக்கின்றது. தோல் வாஷர் தேய்ந்துவிட்டது என்று இருமுறை மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்குப் பணம் செலவானதே மிச்சம்” என்றாள். ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்துவருமாறு அவளையும் தோழியர் இருவரையும் பெரியவர் துணையுடன் அனுப்பினார். மறுநாள் அவர்கள் கொணர்ந்த அளவு 36 அடி.

இத்தாலி நாட்டிலும் இச்சிக்கல் முன்பே எழுந்ததுண்டு. நீரேற்றும் குழாய்கள் ஓர் எல்லைக்குமேல் நீரைத் தருவதில்லை என்பதைக் கலிலியோ 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். நீண்ட கயிறு தன் எடை தாங்காமல் அறுவதுபோல நீர்த்தம்பமும் அறுகின்றது என்று அப்பேரறிஞர் கருதினார். அவருடைய இறுதி மாதங்களில் உடனிருந்த டாரிசெல்லி வேறு வழியில் எண்ணினார். ஒருபுறம் மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், அது முழுதும் இறங்காமல் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகின்றது. அதனைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் எடையே என்று 1644-இல் எழுதிய மடலில் அவர் விளக்கினார். பாதரசம் நஞ்சாதலின், ஆசிரியர் இச்சோதனையைக் கரும்பலகையில் படமாக மட்டுமே வரைந்தார்.

பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. 76-ஐ 13.6-ஆல் பெருக்கினால் 1,033 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகும்; அஃதாவது ஏறக்குறைய 34 அடி. காற்று தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் அவ்வளவே. கிணற்றின் நீரோ 36 அடி ஆழத்தில் உள்ளது. வகுப்பு அமைதியாயிற்று.

“அப்படியானால், வாஷரை எத்தனைமுறை மாற்றினாலும் நீர் வாராதா, ஐயா?”

“வாராது, அம்மா. புதிய குழாயே வாங்கினாலும் வாராது.”

மேலும், குழாயின் பொருத்துகளில் காற்றுக் கசியுமாதலால், நடைமுறையில் 25 அடிக்குக் கீழுள்ள நீரையே இவ்வகைக் குழாய்கள் தரத் தடுமாறும். இதற்கு மாற்று, ஏற்றும் உறுப்பைத் தரைமேல் வைக்காமல் நீருக்கருகே இறக்கிவிடுவதாகும். 1970-களில் நம் நாட்டில் உருவாகிய ‘இந்தியா மார்க் 2’ கைக்குழாயில் உருளை ஆழத்தில் இருப்பதும், உழவர் கிணற்றினுள் திட்டுக் கட்டி மோட்டாரைக் கீழே இறக்கி வைப்பதும், நீர்மூழ்கி மோட்டார்கள் ஆழ்துளையினுள் கிடப்பதும் இக்காரணம் பற்றியே. கீழிருந்து தள்ளும் பொறிக்குக் காற்று விதிக்கும் இவ்வெல்லை இல்லை. அன்று மாலை அம்மாணவி தன் தந்தைக்குக் கணக்கெழுதிய தாளைக் காட்டினாள். மூன்றாம் வாஷர் வாங்கப்படவில்லை.

வகுப்பில் இன்னொரு வினா எஞ்சியிருந்தது. மலைமேல் காற்றுக் குறைவாயிற்றே, அங்கே குழாய் எவ்வாறு வேலை செய்யும் என்றான் குவளையட்டையைப் பற்றி முன்னர்ப் பேசிய மாணவன். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோட்படி அவர்தம் மைத்துனர் பெரியே, 1648 செப்டம்பர் 19-ஆம் நாள் பூய் த தோம் என்னும் மலையுச்சிக்குப் பாதரசக் குழாயைக் கொண்டுசென்றதை ஆசிரியர் கூறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்குமேல் தாழ்ந்தது. அடிவாரத்தில் காவலுடன் வைத்துவந்த மற்றொரு குழாயிலோ நாள் முழுதும் மாற்றமில்லை.

“நம் உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே பாதரசம் ஏறத்தாழ 58 சென்டிமீட்டரே நிற்கும்” என்று சொல்லி, ஆசிரியர் சுண்ணக்கட்டியை அவனிடம் நீட்டினார். அவன் 58-ஐ 13.6-ஆல் பெருக்கினான். விடை 788.8 சென்டிமீட்டர் என வந்தது. “எட்டு மீட்டர்கூட இல்லையே, ஐயா!” என்று வியந்து, பெருக்கலில் பிழையுண்டோ என்று ஐயுற்று மீண்டும் ஒருமுறை கணக்கிடலானான்.