அண்ணன் பள்ளியை விட்டுப் போகலாம், அவன் கற்றது போகக் கூடாது

ரோபோட்டிக்ஸ் அணிகளில் இருக்கும் மாணவ மாணவியருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு பாடம்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் நம் பிள்ளைகள் பலர் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் ரோபோ செய்யப் பழகுகிறார்கள். கறுப்புக் கோட்டின் மேல் ஓடும் சிறு வண்டியில் தொடங்கி, பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கை வரை செய்து போட்டிகளுக்குப் போகிறார்கள். இதற்கு அரசின் உதவியும் உண்டு. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் அந்தக் கூடத்தில் கருவிகளைத் தொட்டுப் பழகலாம். அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் இத்தகைய 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

கருவி வந்துவிட்டால் அறிவும் கூடவே வந்துவிடுமா? இதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி.

ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்பு அண்ணன் ஒருவன் இரண்டு வருடம் பாடுபட்டு எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறான். எந்த ஒயரை எங்கே கொடுக்க வேண்டும், எந்த பேட்டரி ஏமாற்றும், எந்த எண்ணை மாற்றினால் வண்டி ஆடாமல் ஓடும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அடுத்த வருடம் பொதுத்தேர்வு வருகிறது, அவன் ஒதுங்கிக்கொள்கிறான். அதற்கடுத்த ஜூனில் புதிய பிள்ளைகள் அலமாரியைத் திறக்கிறார்கள். கருவிகள் இருக்கின்றன, சொல்லித்தர ஆள் இல்லை. அவன் எரித்த அதே மோட்டார் டிரைவரை இவர்களும் எரிக்கிறார்கள்.

பணம் உள்ள பள்ளி வருடா வருடம் பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ளும். அது முடியாத பள்ளிக்கு, முன்னே போனவர்கள் விட்டுச் சென்றதுதான் பயிற்சியாளர். ஆகவே எழுதி வைப்பதும் பகிர்ந்துகொள்வதும் வசதி குறைந்த நம் பிள்ளைகளுக்கு மிகவும் அவசியமானவை.

எழுதி வைத்தவர் ஒருவர்

இயந்திரக் கலையில் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. இன்றைய துருக்கியில் உள்ள தியார்பகிர் நகரில் அர்துக்கிய ஆட்சியாளர்களிடம் பொறியாளராக இருந்தவர் அல்-ஜஸரி. தாமாக இயங்கும் பொம்மைகள், நீர்க் கடிகாரங்கள், தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றைச் செய்தவர். 1206-இல் அவர் முடித்த நூலில், இயந்திரங்களைப் பற்றிப் பெருமை பேசுவதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்தார், பாகங்களுக்கு எழுத்துக் குறி போட்டார், எதை எப்படிச் செய்து எங்கே பொருத்த வேண்டும் என்று விளக்கினார். படிப்பவர் தாமே செய்து பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அது எவ்வளவு பயன்பட்டது தெரியுமா? அந்த நூலின் விவரத்தைக் கொண்டு, 1976-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய கோட்டைக் கடிகாரத்தை மறுபடியும் கட்டினார்கள். செய்தவர் மறைந்து ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அவருடைய எழுத்து பாடம் நடத்தியது. நம் பிள்ளைகளின் நோட்டு அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டால்கூடப் போதும்.

கற்றுக் கொடுத்தால் தோற்றுவிடுவோமா?

"நம் ரகசியத்தை அந்தப் பள்ளிக்காரர்களிடம் சொன்னால் அவர்கள் ஜெயித்துவிட மாட்டார்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் நிறுவிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு பல நாட்டு மாணவர்களுக்கு ரோபோ போட்டிகள் நடத்துகிறது. அதன் பெரிய போட்டியில் அணிகள் மூன்று மூன்றாகக் கூட்டணி சேர்ந்து ஆட வேண்டும். இந்த ஆட்டத்தில் எதிரே நிற்கும் அணி அடுத்த ஆட்டத்தில் நம் பக்கம் நிற்கலாம். ஆகவே பக்கத்து அணியின் ரோபோ பழுதானால் ஓடிப்போய் உதவுவது அங்கே வழக்கம். கடுமையாகப் போட்டியிடு, ஆனால் எதிரணியை மரியாதையோடு நடத்து என்ற இந்தப் பண்பை அங்கே நிலைநிறுத்தியவர் எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃப்ளவர்ஸ். அந்தப் போட்டியின் மிக உயர்ந்த விருதும் களத்தில் ஜெயித்த ரோபோவுக்கு இல்லை, மற்றவர்களுக்கு அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்த்த அணிக்குத்தான்.

நாம் கையில் வைத்திருக்கும் ஆர்டுயினோ பலகையே பகிர்வால் வந்ததுதான். 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் அதை உருவாக்கியவர்கள் சர்க்யூட் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அதனால்தான் அதே மாதிரிப் பலகைகளைப் பலரும் தயாரிக்கிறார்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் நமக்குக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரப் பெண் பிள்ளைகள் 2017-இல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்குப் போனார்கள். இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, கடைசி நேரத்தில் கிடைத்தது. துணிவுக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது, ஆப்கன் பெண்கள் ரோபோ அணியினர் பழைய டொயோட்டா கொரோலா காரின் பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் வென்டிலேட்டர் செய்யும் முயற்சியில் இறங்கினார்கள். அதற்கு அடிப்படை, எம்.ஐ.டி. எல்லோருக்குமாக வெளியிட்ட வடிவமைப்பு. யாரோ தாராளமாகக் கொடுத்த அறிவு, எங்கோ இருக்கும் பிள்ளைகளின் கைக்கு எட்டியது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். பகிர்வது வேறு, காப்பி அடிப்பது வேறு. வழிமுறையைச் சொல்லிக் கொடுக்கலாம். முடித்த புரோகிராமை அப்படியே வாங்கி நம்முடையது என்று போட்டியில் காட்டுவது ஏமாற்று வேலை. யாரிடம் கற்றோம் என்பதையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நோட்டில் ஏற வேண்டிய ஐந்து பாடங்கள்

எப்படி எழுதுவது? கண்ட கோளாறு, அதன் காரணம், செய்த தீர்வு என்று மூன்று வரி போதும். தமிழிலேயே எழுதலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும். தொடங்குவோருக்கு உதவியாகச் சில பாடங்களை இங்கே தருகிறோம்.

1. மோட்டார் சுற்றத் தொடங்கியதும் ஆர்டுயினோ அணைந்து மறுபடி எரிகிறது. காரணம், சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியால் மோட்டார் கேட்கும் கரண்ட்டைக் கொடுக்க முடியாது. வோல்டேஜ் சரிந்து பலகை நின்றுவிடுகிறது. மோட்டாருக்குத் தகுந்த பேட்டரி தொகுப்பைப் பயன்படுத்த வேண்டும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்தால், இரண்டின் கிரவுண்ட் ஒயரையும் கட்டாயம் இணைக்க வேண்டும்.

2. பேட்டரி 7.4 வோல்ட், ஆனாலும் வண்டி மெதுவாகப் போகிறது. எல் 298 என் மோட்டார் டிரைவர் தனக்குள்ளேயே சுமார் 2 வோல்ட்டை இழக்கிறது. மோட்டாருக்குப் போய்ச் சேருவது ஐந்தரை வோல்ட் அளவுதான். பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த இழப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

3. வகுப்பறையில் ஒழுங்காக ஓடிய வண்டி போட்டி மண்டபத்தில் கோட்டை விட்டு விலகுகிறது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஐ.ஆர். சென்சார் குழம்பும். போட்டி இடத்துக்குப் போனதும் வெள்ளையின் மேலும் கறுப்பின் மேலும் சென்சார் காட்டும் எண்களைக் குறித்துக்கொண்டு, நடுவில் எல்லை எண்ணை வைக்க வேண்டும். ஒன்று 100, மற்றது 800 என்றால் எல்லை 450. சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டை மறைப்பு வைப்பதும் உதவும்.

4. நேற்று சரியாக இருந்த எண்கள் இன்று சரிவரவில்லை. முழு சார்ஜில் வண்டி வேகமாகப் போகும், சார்ஜ் குறைந்தால் மெதுவாகும். ஒவ்வொரு சோதனையின்போதும் பேட்டரியின் வோல்டேஜை மல்டிமீட்டரில் பார்த்து எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

5. லித்தியம் பேட்டரியில் விளையாடக் கூடாது. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கென உள்ள சார்ஜரில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போட வேண்டும். உப்பிய செல்லை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். தொழில்நுட்பப் பாடம் என்பதற்கும் மேலாக, இது பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்பு.

புரோகிராமையும் இப்படியே காக்க வேண்டும். ஒரே மாணவனின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் அவனோடு அது போய்விடும். தேதி போட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஓடிய கடைசிப் பதிப்பை அச்செடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.

அணியை நடத்தும் முறை

ரோபோ பழுதாகித் தோற்கும் அணிகள் உண்டு. ஆட்களுக்குள் ஒற்றுமை இல்லாமல் தோற்கும் அணிகளும் உண்டு. இதற்கும் வழிமுறை இருக்கிறது.

ஒரு வேலைக்கு இருவர் வேண்டும். பாகம் பொருத்துதல், ஒயரிங், புரோகிராம், கணக்கும் நோட்டும் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேல் வகுப்பு மாணவர் ஒருவரையும் கீழ் வகுப்பு மாணவர் ஒருவரையும் சேர்த்து விடுங்கள். செப்டம்பர் காலாண்டுத் தேர்வு வரை மூத்தவர் செய்யட்டும், இளையவர் பார்க்கட்டும். அதன் பிறகு இளையவர் செய்யட்டும், மூத்தவர் பார்க்கட்டும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பொறுப்பு கைமாறிவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் படிப்பும் கெடாது.

பெண் பிள்ளைகளைப் படம் வரையவும் சார்ட் எழுதவும் மட்டும் வைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சால்டரிங் இரும்பும் புரோகிராமும் அவர்கள் கைக்கும் வர வேண்டும்.

கருத்து வேறுபாடு வந்தால் சத்தத்தால் முடிவு செய்யாதீர்கள். இரண்டு வழியையும் பத்துப் பத்து முறை ஓட்டிப் பாருங்கள். எது அதிக முறை சரியாக முடித்ததோ அதுதான் அணியின் வழி. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிய யோசனைகளை நிறுத்திவிட்டு, இருப்பதை ஓட்டிப் பழகுங்கள்.

பண விஷயத்திலும் வெளிப்படை வேண்டும். எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினோம், எது எத்தனை மாதம் உழைத்தது என்று ஒரு பக்கம் எழுதினால், அடுத்த வருட அணிக்கு அதுவே சேமிப்பு.

பக்கத்திலேயே இருக்கும் ஆசிரியர்கள்

ரோபோ எங்கோ வெளிநாட்டில் இருப்பது என்று நினைக்க வேண்டாம். ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய 'முந்த்ரா' என்ற ஆளில்லாக் கவச ஊர்தி 2017-இல் அறிமுகமானது. பூந்தமல்லியில் ஓட்டுநர் இல்லா மெட்ரோ ரயிலுக்கான பணிமனை இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களிலிருந்து லேத்தும் மில்லிங்கும் சி.என்.சி.யும் ஓடும் இடம்.

அங்கே ஃபிட்டராகவும் டர்னராகவும் செட்டராகவும் எத்தனையோ அத்தாமார்கள், மாமாமார்கள் உழைக்கிறார்கள். அவர்களில் பலர் "எனக்கு என்ன தெரியும், நான் பத்தாவதுதான்" என்று ஒதுங்கிவிடுவார்கள். சக்கரம் ஏன் ஆடுகிறது, ஷாஃப்டும் துளையும் எவ்வளவு இடைவெளியில் பொருந்த வேண்டும், எந்த இடத்தில் வாஷர் போட வேண்டும் என்பதை அவர்களைவிடத் தெளிவாக யார் சொல்லித்தர முடியும்? பிள்ளைகளே, உங்கள் ரோபோவை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தாவிடம் காட்டுங்கள். அவர் சொல்வதையும் நோட்டில் எழுதுங்கள்.

இனி செய்ய வேண்டியது

மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு அணியும் இந்த மாதமே ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கட்டும். அது பள்ளியின் சொத்து, யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்துப் பள்ளி அணிகள் ஓர் இடத்தில் கூடட்டும். எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் வரட்டும். பரிசு வேண்டாம். ஒவ்வொரு அணியும் தன்னுடைய ஒரு கோளாறையும் அதைத் தீர்த்த விதத்தையும் பத்து நிமிடம் சொன்னால் போதும். ஐந்து அணி வந்தால் ஐந்து கோளாறுக்கு விடை கிடைக்கும்.

மூன்று, பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போன அண்ணன்களும் அக்காக்களும் வருடத்துக்கு இரண்டு நாளாவது பழைய பள்ளிக்கு வந்து தம்பி தங்கைகளோடு உட்கார வேண்டும். நீங்கள் பெற்ற கல்வி உதவிக்கு நீங்கள் திருப்பித் தரக்கூடியதும் அதுவே.

அணியினர் கூடிப் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் அணியில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலை எது? அதை இந்த மாதம் யார் கற்றுக்கொள்ளப் போகிறார்?

2. போன வருடம் நம்மை அதிகம் தடுமாற வைத்த கோளாறு எது? அது எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?

3. நம்மைவிட வசதி குறைந்த பக்கத்துப் பள்ளி அணிக்கு நாம் இன்று சொல்லிக் கொடுக்கக் கூடிய ஒரு விஷயம் என்ன?

இன்ஷா அல்லாஹ், வரும் ஜூனில் நம் பிள்ளைகள் அலமாரியைத் திறக்கும்போது கருவிகளோடு அந்த நோட்டும் இருக்கட்டும்.