பிஸ்டல் எதற்கு என்றுதான் கலெக்டர் கேட்பார்

கேள்வி: கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடியிருக்கிறேன். மளிகை மொத்த வியாபாரம். வாரத்தில் இரண்டு நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறேன். வெள்ளிமலை வரை கடைகளுக்குப் போட்டுவிட்டு, வசூல் பணத்தோடு இறங்கும்போது இருட்டிவிடும். சாராய வழக்கு ஒன்றில் போலீசுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து போனில் மிரட்டல் வருகிறது. அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், பேன்ட் பாக்கெட்டில் அடங்கும் 9 எம்எம் பிஸ்டல் வைத்திருக்கிறார். அதுபோல் இங்கே வாங்க முடியுமா, எந்த மாடல் நல்லது, வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளலாமா? லைசென்ஸ் இல்லாமலே ஒன்று வாங்கித் தருவதாக மலையில் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மாமனார் வீட்டுப் பரணில் பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் கிடக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள் சார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மலையில் தெரிந்தவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள், முன்பணம்கூட வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வாங்குவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. கள்ளத்தனமாகச் செய்து விற்பவருக்கு ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும்.

தண்டனையைவிட எனக்குக் கவலை வேறு. நீங்கள் ஒரு வழக்கில் சாட்சி. நாளைக்குக் கூண்டில் ஏறும்போது, உங்கள் மேல் ஆயுத வழக்கு ஒன்று இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதிலிருந்துதான் குறுக்கு விசாரணையைத் தொடங்குவார். மிரட்டுகிறவர்கள் போன் போட்டுச் சாதிக்க முடியாததை நீங்களே சாதித்துக் கொடுத்ததாகிவிடும். இன்னொன்றும் உண்டு. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து வந்து சுட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தற்காப்பு என்ற வாதம் கொலை வழக்கிலிருந்து காப்பாற்றலாம், உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்த வழக்கு அப்படியே நிற்கும்.

இனி மச்சான். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தடை இல்லாத 21 வயது நிரம்பியவர், தனி அனுமதிச்சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். அந்த நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்டம் கொடுத்த உரிமை. நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஓர் அடிப்படை உரிமை யாருக்கும் கிடையாது. 2023 பிப்ரவரியில், உத்தரப் பிரதேச ஜாமீன் வழக்கு ஒன்றில் உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தானாகவே கையில் எடுத்த உச்ச நீதிமன்றம், அமெரிக்காவோடு ஒப்பிட்டே இதைச் சொன்னது. ஆகவே மச்சான் அனுப்பும் வீடியோக்களை வைத்து இங்கே எதையும் திட்டமிட முடியாது.

அவர் பிஸ்டலின் தோட்டா அளவும் நமக்கு ஆகாது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்எம் தோட்டா நம் விதிகளில் தடைசெய்யப்பட்ட வகை. அதற்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும், சாதாரண ஆளுக்கு அது கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கதவும் 1980-களிலேயே ஏறக்குறைய மூடிவிட்டது. மிஞ்சுவது .32, .22 அளவுகள். அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் அசானி பிஸ்டல் .32. பெண்களுக்கென்று 2014-ல் கான்பூரில் வெளியிட்ட நிர்பீக் ரிவால்வரும் .32 தான். எடை அரைக் கிலோ, அப்போதைய விலை 1,22,360 ரூபாய். 2023-ல் வந்த பிரபல் என்ற ரிவால்வர் இன்னும் கொஞ்சம் கனம். இவற்றைச் செய்யும் பொதுத்துறை நிறுவனத்தின் கீழ்தான் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் வருகிறது.

எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. அது வக்கீல் வேலை இல்லை, அந்தக் கேள்விக்கான நேரமும் இன்னும் வரவில்லை. உரிமத்தில் இன்ன வகை ஆயுதம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அங்கீகாரம் பெற்ற கடைக்காரர் உங்களுக்கு விற்கவே முடியும். ஒன்று மட்டும் சொல்வேன். பாக்கெட்டில் அடங்கும் அளவுக்குச் சிறியது என்றால் குழலும் பிடியும் குட்டை. பழக்கமில்லாத கைக்கு அதில் குறி நிற்காது. மலை வளைவில், இருட்டில், கைநடுக்கத்தோடு எப்படி நிற்கும்?

உரிமம் கொடுப்பவர் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர். விவசாயி ஒருவர் பயிர்க் காவலுக்கு என்று வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், காரணம் நேர்மையாக இருந்து, மறுப்பதற்கான சட்டக் காரணம் எதுவும் இல்லாதபோது, கொடுக்க வேண்டும் என்றே 13-ஆம் பிரிவு சொல்கிறது. பிஸ்டல், ரிவால்வருக்கு அந்தச் சலுகை இல்லை. தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். தொழிலின் தன்மையாலோ வேறு காரணத்தாலோ உயிரையும் உடைமையையும் காக்க உண்மையான தேவை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கின்றன 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள்.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உடல், மனநலச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்க இடம் இருப்பதற்கான உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். போலீஸ் அறிக்கை 30 நாளுக்குள் வர வேண்டும், அது வந்து 60 நாளுக்குள் ஆட்சியர் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கோப்பு இதைவிட மெதுவாகத்தான் நகரும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கிடைத்தால் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

உங்களுக்குக் கிடைக்குமா? வசூல் பணம் என்ற காரணம் மட்டும் நிற்காது என்று நினைக்கிறேன். பகலிலேயே இறங்கக் கூடாதா, கடைக்காரர்களிடம் ஜிபே வாங்கக் கூடாதா என்று கேட்டால் நம்மிடம் நல்ல பதில் இல்லை. சாட்சிக்கு மிரட்டல் என்பது கனமான காரணம். ஆனால் உங்கள் கடிதத்தில், புகார் கொடுத்ததாக ஒரு வரி இல்லை. காகிதத்தில் இல்லாத மிரட்டல், ஆட்சியர் மேசையில் இல்லாத மிரட்டல்தான்.

ஆகவே பிஸ்டல் வேண்டுமோ வேண்டாமோ, இந்த வாரமே செய்ய வேண்டியது புகார். அழைப்பு வந்த எண்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இணையான குற்றத்துக்கு, நீதிமன்றம் புகார் அனுப்பும் வரை காத்திருக்காமல் போலீசே நேரடியாக வழக்குப் பதியலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

இந்தக் காகிதங்கள் கைக்கு வந்த பிறகு, பிஸ்டலுக்கு விண்ணப்பிப்பதைவிட விரைவான வழி ஒன்று திறக்கிறது. 2018 டிசம்பர் 5-ல், மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து, நாடு முழுவதும் அமல்படுத்தச் சொன்னது. மாவட்ட முதன்மை நீதிபதியைத் தலைவராகவும், எஸ்.பி.யை உறுப்பினராகவும் கொண்ட குழு மாவட்டந்தோறும் உண்டு. மனு கொடுத்தால், டி.எஸ்.பி. நிலையிலுள்ள அதிகாரி ஐந்து வேலை நாளுக்குள் ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த ஐந்து வேலை நாளுக்குள் மனுவை முடிக்கப் பார்க்க வேண்டும். இடையில் அவசரம் என்றால் உடனடிப் பாதுகாப்பும் கொடுக்கலாம். வீட்டுப் பக்கம் ரோந்து, கேமரா, போன் எண் மாற்றம், நீதிமன்றத்துக்குப் போய் வரத் துணைக்கு ஆள் என்று ஆபத்துக்கேற்ப ஏற்பாடு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 398-ஆம் பிரிவில் இத்தகைய திட்டத்தை மாநிலங்களின் கடமையாக்கிவிட்டது.

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்த உங்கள் ஊரில், சாராய வழக்குச் சாட்சிக்கு மிரட்டல் என்றால் நீதிபதிக்கு அதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆபத்து அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வந்தால், பின்னால் பிஸ்டல் உரிமத்துக்கும் அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மறைத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் விதிப்படி மறைத்துத்தான் வைக்க வேண்டும். பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில், முழுக்க மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெறும் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது விதிமீறல். இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு டீக்கடையில் உட்காருவதும் விதிமீறல். மிரட்ட எடுத்துக் காட்டினால் உரிமமே போய்விடலாம். திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. கூவாகம் திருவிழாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் நாளில் அது வீட்டுப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். தேர்தல் வந்தால் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

சுடும் உரிமையைப் பற்றியும் நீங்கள் நினைப்பதுபோல் சட்டம் நினைப்பதில்லை. மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம். வழிப்பறியைத் தடுக்கவும் அந்த உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் போகக் கூடாது, போலீஸ் உதவி தேட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு கட்டிப்போடுகிறது. பஞ்சாபில் நிலத்தகராறு ஒன்றில் தந்தையின் தலையில் வெட்டு விழுந்ததைப் பார்த்துச் சுட்ட தர்ஷன் சிங்கை உச்ச நீதிமன்றம் தற்காப்பு என்று விடுவித்தது 2010-ல். சம்பவம் நடந்தது 1991-ல். சரியாகச் சுட்டவருக்கே அத்தனை ஆண்டு.

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அதைத் தற்காப்பு என்று என்னால் வாதிட முடியாது. துப்பாக்கி தெரிந்தவர்கள் மேலும் திரும்பலாம். நம் பக்கத்தில் பழைய தலைமுறை மறக்காத துப்பாக்கிச் சம்பவம் 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டது. காட்டுப்பாதையில் வழிமறித்த கொள்ளைக்காரன் அல்ல, பேச வந்த தெரிந்தவர். கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கும் வீட்டில் இதையும் யோசிக்க வேண்டும்.

மிளகு ஸ்பிரே வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு உரிமம் தேவையில்லை. அதையும் கோபத்தில் அடித்துவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து இல்லாத தகராறில் பயன்படுத்தியவர்கள் மேல் வந்த வழக்கை ரத்து செய்ய 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கடைசியாக மாமனார் வீட்டுப் பரண். மருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் அந்தத் துப்பாக்கி துருப்பிடித்துக் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான். கல்வராயன் மலையில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் கைப்பற்றியதாகச் செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயுதச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, வீட்டில் கூட்டாகக் குடியிருப்பவர்களில், அது இருப்பது தெரியும் என்று நம்ப இடமுள்ள எல்லோரிடமும் பொறுப்பு கேட்கலாம், தனக்குத் தெரியாது என்று காட்டுவது அவரவர் பாடு. எனவே நீங்கள் அதை உங்கள் வேனில் ஏற்றிக் கொண்டுவர வேண்டாம். வழியில் சோதனை நடந்தால் குற்றவாளி நீங்கள்.

மாமனாரின் தந்தை பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கியிருந்தாரா என்று முதலில் கேளுங்கள். பழைய உரிமப் புத்தகம் ட்ரங்குப் பெட்டியில் கிடைத்தால் நிலைமை வேறு. காலாவதியான உரிமத்துத் துப்பாக்கியைத் தாமதமின்றி நிலையத்தில் வைக்கச் சொல்கிறது 21-ஆம் பிரிவு. வாரிசு புதிதாக விண்ணப்பிக்கவும் வழி உண்டு. பயிர்க் காவல் உரிமம் கிடைத்தாலும் அது பன்றி, மான் சுடும் அனுமதி ஆகாது, அதற்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கும்.

புத்தகம் எதுவும் இல்லை என்றால், தானாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கும் நாள்களில் ஊர்ப் பெரியவர்கள் மூலமாகக் கொடுத்துவிடலாம். அப்படி அறிவிப்பு இல்லாத நேரத்தில், உள்ளூர் வக்கீல் ஒருவர் முதலில் நிலையத்தில் பேசட்டும். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் அடையாளங்களோடு எழுத்தில் ரசீது வாங்குங்கள், அதில் மாமனார் கையெழுத்து இருக்கட்டும், உங்கள் பெயர் வர வேண்டாம்.